தொப்புள் தரையில் இருக்கட்டும்: ஒரு ஓவர்லாக் டைலரின் இடுப்புவலியும் புஜங்காசனமும் (நிகழ்வு ஆய்வு)

இடுப்புவலிக்காகப் புஜங்காசனம் (பாம்பு ஆசனம்) செய்யத் தொடங்கி, அதனாலேயே வலி கூடிப்போன ஒருவரைப் பற்றிய பதிவு இது. அதே ஆசனத்தை வேறு விதமாகச் செய்தபோது அவருக்கு வலி குறைந்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதை யோகா சொல்லிக்கொடுப்பவர்களும், வீட்டில் தானாகச் செய்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அவருடைய சம்மதம் வாங்கியிருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர், அதாவது துணியின் ஓரங்களைத் தைக்கும் மெஷினில் வேலை. நாற்பதைத் தாண்டிய பெண். டைலருக்கு உதவியாக இருக்கும் கைமடி வேலைக்குச் சின்ன வயதில் சேர்ந்து, மெஷின் பழகி, டைலரானவர். காலை எட்டரைக்கு ஸ்டூலில் உட்கார்ந்தால் இரவு எட்டு மணி வரை, அதாவது ஒன்றரை ஷிப்ட், பெரும்பாலும் அதே ஸ்டூல்தான். அதற்குச் சாய்மானம் கிடையாது. துணி ஊசிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் தலை முன்னால் நீண்டிருக்கும், இரண்டு தோளும் உள்நோக்கிச் சுருண்டிருக்கும், வலது கால் பெடலை விட்டு நகராது.

பெல்ட் கட்டும் இடத்தில் இரண்டு வருடமாக வலி. தைலம், மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை, இடுப்பு பெல்ட் என்று எல்லாம் பார்த்துவிட்டார். கூட வேலை செய்யும் ஒருவர், பாம்பு ஆசனம் செய்தால் இடுப்புவலி போய்விடும், தொப்பை குறையும், தைராய்டுக்கும் நல்லது என்று சொல்லியிருக்கிறார். போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, சமையலுக்கு முன்னால் தினமும் காலையில் பத்துப் பத்து முறை செய்திருக்கிறார். ஒரு மாதத்துக்குள் வலி கூடிவிட்டது. முன்பெல்லாம் சாயங்காலத்துக்கு மேல்தான் வலிக்கும். இப்போது காலையில் குனிந்து கோலம் போடும்போதே பிடித்துக்கொள்கிறது.

ஆகஸ்ட் கடைசியில் என் யோகா வகுப்புக்கு வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க டீச்சர், படத்துல இருக்கற மாதிரியேதான செய்யறேன்? அப்புறம் எதுக்கு வலி ஜாஸ்தியாகுது?"

முதல் நாள் பார்த்தது

செய்து காட்டச் சொன்னேன். கவிழ்ந்து படுத்தார், உள்ளங்கைகளைத் தோளுக்குப் பக்கத்தில் வைத்தார், ஒரே மூச்சில் கை இரண்டையும் நேராக நீட்டி எழுந்துவிட்டார். உயரம் என்னவோ பிரமாதம். தலை பின்னால் மடங்கி, முகம் கூரையைப் பார்த்தது. மூச்சை உள்ளே பிடித்து வைத்திருந்தார்.

பக்கவாட்டில் அவருடைய போனிலேயே ஒரு படம் எடுத்து இருவரும் பார்த்தோம். தொப்புள் தரையிலிருந்து ஒரு ஜாண் மேலே நின்றது, இடுப்பெலும்பும் தூக்கிக்கொண்டிருந்தது. தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. பாதங்கள் இரண்டும் வெளிப்பக்கம் விரிந்து கிடந்தன. முக்கியமாக, முதுகு முழுவதும் வளையவே இல்லை. இடுப்புக்குச் சற்று மேலே ஒரே இடத்தில் தோல் மடிந்து, ஆழமான ஒரு கோடு விழுந்திருந்தது. அந்தக் கோட்டுக்கு மேலே தோள்பட்டை வரைக்கும் முதுகு பலகை போல அப்படியே இருந்தது. வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னேன். விரல் அந்தக் கோட்டின் மேல்தான் போய் நின்றது.

அடுத்து, கைகளைத் தரையிலிருந்து எடுத்துவிட்டு, முதுகின் பலத்தால் மட்டும் நெஞ்சைத் தூக்கச் சொன்னேன். இரண்டு விரல் உயரம்கூட வரவில்லை. ஆக, முன்பு பார்த்த உயரம் முழுக்கக் கையின் வேலை. முதுகுத் தசைகள் அதில் சேரவே இல்லை.

சுவரில் சாய்ந்து, குதிகால், பிட்டம், மேல்முதுகு மூன்றும் சுவரில் பட நின்றபோது பின்னந்தலை சுவரில் படவில்லை, நடுவில் நாலு விரல் இடைவெளி. பெஞ்சின் ஓரத்தில் மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டால், மறுகாலின் தொடை பெஞ்சிலேயே படுத்திருக்க வேண்டும். இவருக்கு இரண்டு தொடையும் மேலே எழும்பின. பெடல் மிதிக்கும் வலதுகால் கொஞ்சம் அதிகமாகவே.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் ஓரளவு புரிகிறது. முதுகெலும்பில் கழுத்துக்கு 7 எலும்பு, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. நடுவில் உள்ள 12 எலும்புகளோடு விலா எலும்புகள் பூட்டியிருப்பதால் அந்தப் பகுதி இயல்பாகவே பின்னால் குறைவாகத்தான் வளையும். கழுத்தும் இடுப்பும் சுலபமாக வளையும். வருடக்கணக்கில் முன்னால் குனிந்தே வேலை செய்த முதுகில் அந்த நடுப்பகுதி இன்னும் இறுகிப்போயிருக்கும். கீழே தொடையின் முன்பக்கத் தசைகளும் உட்கார்ந்து உட்கார்ந்து சுருங்கியிருக்கும். மேலேயும் இடம் இல்லை, கீழேயும் இடம் இல்லை என்றால், கை தள்ளுகிற தள்ளு முழுக்க இடுப்பின் கடைசி ஒன்றிரண்டு மூட்டுகளில் போய் விழும். இவர் தினமும் காலையில் வலிக்கிற இடத்தையே மடக்கி மடக்கித் திறந்துகொண்டிருந்தார்.

டாக்டரிடம் அனுப்பியது

அன்றைக்கே ஆசனம் எதுவும் கற்றுத்தரவில்லை. இடுப்புவலியோடு வரும் யாரிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. வலி காலுக்கு இறங்குகிறதா, கால் மரத்துப்போகிறதா, பாதத்தைத் தூக்க முடியாமல் போகிறதா, சிறுநீர் மலம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, தொடைகளுக்கு நடுவே உணர்ச்சி குறைந்திருக்கிறதா, காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ உண்டா, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலி விடாமல் எழுப்புகிறதா, கீழே விழுந்தாரா. சிறுநீர், உணர்ச்சி பற்றிய கேள்விகளுக்கு "ஆமாம்" என்றால் யோகாவைப் பற்றிப் பேசவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இவருக்கு எல்லாவற்றுக்கும் "இல்லைங்க" என்றுதான் பதில். இருந்தாலும் அனுப்பினேன், அதற்குக் காரணம் உண்டு. முதுகெலும்பு ஒன்றின்மேல் ஒன்று முன்னால் நகர்ந்திருந்தாலோ, நரம்பு போகும் பாதை குறுகியிருந்தாலோ, பின்னால் வளைவது அதை மோசமாக்கும். வெளியிலிருந்து பார்த்து என்னால் அதைச் சொல்ல முடியாது.

அரசு மருத்துவமனையில் பார்த்தார். எக்ஸ்ரேயில் எலும்பு நகர்வு இல்லை. நரம்பு அழுத்தத்துக்கான அறிகுறியும் இல்லை. தசை, மூட்டு இறுக்கத்தால் வரும் வலிதான், நடக்க வேண்டும், உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் வேறொன்று தெரியவந்தது. ரத்த அழுத்தம் 150/96 இருந்தது. திரும்பவும் வரச்சொல்லி அளந்துவிட்டு, பிறகு மாத்திரை ஆரம்பித்தார்கள். தனக்கு பிரஷர் இருக்கிறது என்பதே அவருக்கு அதுவரை தெரியாது. மூச்சை அடக்கிக்கொண்டு முக்கித் தூக்குவது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும். ஆகவே பயிற்சித் திட்டத்தில் இது ஒரு பெரிய விஷயமாகிவிட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, வீட்டில் செய்துகொண்டிருந்த புஜங்காசனத்தை நிறுத்துவது. அவருக்கு ஏமாற்றம்தான். "அப்ப இந்த ஆசனமே எனக்கு ஆகாதுங்களா?" என்றார். ஆகும், ஆனால் அந்த உயரம் ஆகாது என்றேன்.

பழைய ஹடயோக நூலான கேரண்ட சம்ஹிதை சொல்லும் 32 ஆசனங்களில் புஜங்காசனமும் ஒன்று. அதில் செய்முறை மிகச் சுருக்கமாக இருக்கிறது: கால் பெருவிரலிலிருந்து தொப்புள் வரை உடல் தரையில் இருக்க வேண்டும், உள்ளங்கைகள் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், பாம்பைப் போலத் தலையை உயர்த்த வேண்டும். அவ்வளவுதான். தொப்புள் வரை தரையில் என்கிற அந்த ஒரு வரம்பு இருக்கிறதே, அதுதான் இந்த ஆசனத்தின் பாதுகாப்பு. தொப்புள் தரையில் இருந்தால் கை முழுதாக நீளாது. கை நீளாவிட்டால் இடுப்பு மடங்காது. வளைவு வேறு வழியில்லாமல் மேல்முதுகுக்குப் போகும். இவருக்கு வளைய வேண்டியதும் அதுதான். அதனால் திட்டம் முழுவதையும் இந்த வரம்பைச் சுற்றியே அமைத்தேன்.

இரண்டாவது, 12 வாரம் என்று காலம் வகுத்தோம். நாள்பட்ட இடுப்புவலி உள்ள 320 பேரை வைத்து அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்து, 2017இல் வெளிவந்த ஆய்வில் 12 வார யோகா வகுப்பும் பிசியோதெரபியும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. அதே ஆண்டு அமெரிக்க மருத்துவர்களின் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலும், நாள்பட்ட இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன்பு முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகாவைச் சேர்த்திருக்கிறது. ஆனால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. பலன் இருக்கிறது, ஆனால் அது சிறியது. யோகா செய்பவர்களில் சிலருக்கு முதுகுவலி கூடவும் செய்கிறது. இவர் அந்த இரண்டாவது வகையில் ஏற்கெனவே இருந்துவிட்டு வந்தவர். இதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். வலி முழுதாகப் போய்விடும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. தைராய்டு பற்றிக் கேட்டார். இந்த ஆசனத்தால் தைராய்டு சரியாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை, அதற்கு ரத்தப் பரிசோதனையும் டாக்டரும்தான் என்றேன்.

மூன்றாவது, எந்த நிலையிலும் மூச்சை அடக்கக் கூடாது. எழும்போது உள்ளே, இருக்கும்போது சாதாரண மூச்சு, இறங்கும்போது வெளியே. செய்துகொண்டே ஒன்று இரண்டு என்று வாய்விட்டு எண்ணச் சொன்னேன். எண்ணத் திணறினால் முக்குகிறார் என்று அர்த்தம், அப்போது உயரத்தைக் குறைக்க வேண்டும்.

சாயங்கால வலியை 0 முதல் 10 வரை ஒரு எண்ணாகத் தினமும் காலண்டரில் குறிக்கச் சொன்னேன். முதல் வாரம் பெரும்பாலும் 7 என்று எழுதியிருந்தார்.

முதல் மூன்று வாரம்: படுப்பதும் மூச்சும்

மகராசனத்தில் ஆரம்பித்தோம். கவிழ்ந்து படுத்து, கைகளை மடித்து நெற்றியை அதன்மேல் வைத்து, வயிறு தரையை அழுத்துமாறு மெதுவாக மூச்சு. பார்ப்பதற்கு ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். முதல் நாள், "இதுக்காங்க டீச்சர் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வந்தேன்?" என்றார். ஆனால் கவிழ்ந்து படுப்பதே ஒரு லேசான பின்வளைவுதான். நாள் முழுக்க முன்னால் மடிந்தே இருந்த உடம்புக்கு அது பெரிய மாற்றம். பிசியோதெரபியில் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. நியூசிலாந்தின் பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கென்சியிடம் 1956இல் வந்த ஒரு நோயாளி, தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்த படுக்கையில் தெரியாமல் கவிழ்ந்து படுத்து, முதுகு பின்னால் வளைந்த நிலையிலேயே சில நிமிடங்கள் இருந்துவிட்டார். வலி கூடியிருக்கும் என்று மெக்கென்சி பயந்தார், நடந்தது நேர்மாறு. இன்றும் பிசியோதெரபி மையங்களில் கவிழ்ந்து படுத்துக் கையூன்றி எழச் சொல்லும் பயிற்சி அங்கிருந்து வளர்ந்ததுதான். பார்க்கப் புஜங்காசனம் போலவே இருக்கும்.

இதோடு மூன்று விஷயங்கள் சேர்ந்தன. வீட்டிலிருந்த பவானி ஜமக்காளத்தை இறுக்கமாகச் சுருட்டி, மல்லாந்து படுத்து, தோள்பட்டை எலும்புகளின் கீழ்நுனி படும் இடத்தில் குறுக்கே வைத்து, கைகளை விரித்துக் கொஞ்ச நேரம் இருப்பது. தலைக்குத் தலையணை, முழங்கால் மடக்கி. இரண்டாவது, கைகால்களை ஊன்றி முதுகை மேலும் கீழும் வளைக்கும் மார்ஜாரி ஆசனம், வலி இல்லாத அளவுக்கு மட்டும். மூன்றாவது, சூரிய நமஸ்காரத்தில் ஒரு காலைப் பின்னால் நீட்டுவோமே, அந்த நிலை. பின்முழங்காலுக்குக் கீழே மடித்த துணி. வலது தொடைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம்.

ஜமக்காளச் சுருளில் முதல் நாள் அவரால் ஒரு நிமிடம்கூடப் படுக்க முடியவில்லை, மேல்முதுகில் எரிச்சல் என்றார். சுருளைப் பாதியாகத் தளர்த்தினோம். மூன்றாவது வாரம் முழுச் சுருளிலேயே நாலு நிமிடம் இருந்தார். இடுப்புவலி அதற்குள் 7லிருந்து 5, 6 என்று இறங்கியிருந்தது. காலையில் கோலம் போடும்போது பிடிப்பது நின்றுவிட்டது. தப்பாகச் செய்துகொண்டிருந்ததை விட்டதற்கே இந்த முன்னேற்றத்தில் பெரிய பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

நான்காவது வாரம் முதல்: கை இல்லாமல் எழுவது

முதலில் முழங்கைகளைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றி, முன்கைகள் தரையில் படிய, நெஞ்சை மட்டும் உயர்த்தும் நிலை. இதில் உயரத்துக்கு இயற்கையாகவே ஒரு எல்லை உண்டு, அதனால் பயமில்லை. முன்கைகளைத் தரையோடு அழுத்தி, நெஞ்சுக்குழியை முன்னால் இழுத்துச்செல்வது போல நினைக்கச் சொன்னேன். "மேலே" என்ற சொல்லை வகுப்பில் சொல்வதையே விட்டுவிட்டு, "முன்னால்" என்று சொல்லிப் பாருங்கள். ஆட்கள் இடுப்பை மடக்குவது குறைகிறது.

அப்புறம் கை இல்லாத நிலை. உள்ளங்கைகள் விலாவுக்குப் பக்கத்தில் தரையைத் தொட்டும் தொடாமலும். பாதங்கள் இடுப்பகலம், விரல்நகங்கள் பத்தும் தரையில் பட வேண்டும். சுண்டுவிரல் நகம் பட்டால் பாதம் வெளியே விரியாது, தொடை உள்நோக்கி நிற்கும், இடுப்பில் இடம் கிடைக்கும். பிட்டத்தைக் கல்லாக இறுக்காமல், தொடைகளைத் தரையில் அழுத்தி, நெற்றியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக எழ வேண்டும். பார்வை முன்னால் தரையில், கழுத்து மடியக் கூடாது. எழுந்த இடத்தில் மூன்று மூச்சு, இறங்கி, முகத்தைத் திருப்பி ஓய்வு. நாலைந்து முறை போதும். கடைசியில் முழங்கால்களை மடக்கிப் பின்னால் உட்கார்ந்து நெற்றியைத் தரையில் வைக்கும் சசாங்காசனம்.

முதல் தடவை உடம்பு நடுங்கியது. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் தசைகளில் தோள்பட்டைக்குக் கீழே களைப்பு தெரிகிறது என்றார். நான் எதிர்பார்த்ததும் அந்தப் பதில்தான். இத்தனை நாள் இந்த ஆசனம் செய்து அந்த இடத்தில் எதுவுமே தெரிந்ததில்லை. பின்வளைவுகளின் நன்மை என்று நம்பிச் சொல்லக்கூடியவை இவைதான்: முதுகை நிமிர்த்தும் தசைகளுக்கு வேலை, நெஞ்சின் முன்பக்கத்துக்கும் தொடையின் முன்பக்கத்துக்கும் நீட்சி, விலாவுக்கு விரிய இடம். மூன்றுமே மேல்முதுகு வளைந்தால்தான் கிடைக்கும்.

கவிழ்ந்து படுத்து ஒற்றைக்காலை மட்டும் தூக்கும் சலபாசனத்தையும் இந்தச் சமயத்தில் சேர்த்தேன். முன்கையை ஊன்றும் நிலையில் பழகியபிறகுதான் உள்ளங்கையை ஊன்றும் முழு நிலை. அதிலும் முழங்கைகள் மடிந்தே இருக்க, தொப்புளுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு காகிதத்தை வைத்து, அதை நான் உருவப் பார்க்கும்போது வராமல் பிடித்திருந்தால் சரி என்று வைத்துக்கொண்டோம்.

கம்பெனியில்

வகுப்பில் ஒரு மணி நேரம் நிமிர்ந்துவிட்டு, பத்து மணி நேரத்துக்கு மேல் குனிந்திருந்தால் கணக்கு எப்படிச் சரியாகும்? அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள் என்று சொல்வது பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைப்பவரிடம் நடக்காத காரியம். எழுந்தால் சூப்பர்வைசர் பார்ப்பார், பீஸும் குறையும். அவரே ஒரு வழி சொன்னார். ஒரு பண்டல் முடிந்து அடுத்த பண்டலைக் கைமடிப் பொண்ணு கொண்டுவந்து பிரிப்பதற்குள் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் எழுந்து, இரண்டு கையையும் இடுப்பின் பின்னால் வைத்து, நெஞ்சை முன்னால் தள்ளி இரண்டு மூச்சு பின்னால் சாய்வது. நின்றபடி செய்யும் அர்த்த சக்ராசனத்தின் சின்ன வடிவம்.

ஸ்டூல் மேல் ஒரு குஷன் போட்டு உட்காரும் உயரத்தையும் கூட்டினார். முழங்காலைவிட இடுப்பு சற்று மேலே வந்ததும், இடுப்பு பின்னால் சரிவது குறைந்தது. இந்த யோசனைகளுக்கு யோகா தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இவை இல்லாமல் மற்றது நிற்காது.

தீபாவளி வேலையும் பின்னடைவும்

ஏழாவது வாரம் தீபாவளி ஆர்டர். சில நாள் டபுள் ஷிப்ட். வகுப்புக்கு வர முடியவில்லை, வீட்டிலும் எதுவும் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பக்கத்து வரிசையில் ஒரு கல்லூரி மாணவி, கவிழ்ந்து படுத்துக் கணுக்கால்களைப் பிடித்து உடலை வில்லாக வளைக்கும் தனுராசனம் செய்துகொண்டிருந்தாள். நான் வேறொருவரைக் கவனித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவரும் கணுக்காலைப் பிடித்து இழுத்துவிட்டார். இறங்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுந்து நேராக நிற்க முடியவில்லை.

தனுராசனத்தில் கை காலைப் பிடித்திருப்பதால், காலின் பலம் முழுவதும் உடலை வளைக்கும். தொடையின் முன்பக்கம் இறுகியவருக்கு அந்தப் பலம் நேராக இடுப்பில் இறங்கும். மேல்முதுகு கொஞ்சம் தயாராகியிருந்தது, ஆனால் ஒரு வாரம் டபுள் ஷிப்ட் பார்த்த உடம்பு அன்றைக்கு எதற்குமே தயாராக இல்லை.

காலில் மரத்தல் இருக்கிறதா, குதிகாலிலும் நுனிக்காலிலும் நடக்க முடிகிறதா என்று திரும்பவும் பார்த்தோம். இரண்டிலும் குறையில்லை. முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து மல்லாந்து கொஞ்ச நேரம் படுக்கவைத்தேன். வீட்டில் படுத்தே கிடக்க வேண்டாம், முடிந்த அளவு மெதுவாக நடக்க வேண்டும், வலி காலுக்கு இறங்கினால் உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். முழுக்க நிறுத்திவிடுவதா என்று அவருக்கு ஒரு யோசனை. நிறுத்தாமல் முதல் வாரத்தின் மகராசனத்துக்கே திரும்புவோம் என்று முடிவு செய்தோம். அசையாமல் இருந்தால் இறுக்கமும் பயமும் சேர்ந்தே வளரும். காலண்டரில் அந்த ஞாயிறு 8, புதன்கிழமை 6, அடுத்த ஞாயிறு 4. பத்தாவது வாரம் கை இல்லாத நிலைக்குத் திரும்ப வந்துவிட்டார்.

12 வாரம் முடிந்தபோது

சாயங்கால வலி பெரும்பாலான நாட்களில் 2 அல்லது 3. டபுள் ஷிப்ட் பார்த்தால் 5 வரை போகிறது. சுவரில் நின்றால் பின்னந்தலைக்கும் சுவருக்கும் ஒரு விரல் இடைவெளி. கை இல்லாமல் நெஞ்சை ஒரு சாண் அளவுக்குத் தூக்கி, எண்ணிக்கொண்டே நிற்கிறார். இடுப்பு பெல்ட்டை விட்டுவிட்டார். வலி மாத்திரை எப்போதாவதுதான்.

முதல் நாள் எடுத்த படத்தையும் கடைசியில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தெரியாதவர்கள் முதல் படத்தில்தான் ஆசனம் நன்றாக இருக்கிறது என்பார்கள். அதில் தலை இன்னும் உயரத்தில் இருக்கிறது. இரண்டாவதில் முழங்கை மடிந்திருக்கிறது, தொப்புள் தரையில் இருக்கிறது, இடுப்புக்கு மேலே விழுந்த அந்தக் கோடு இல்லை. வளைவு இடுப்பிலிருந்து கழுத்து வரை நீளமாகப் பரவியிருக்கிறது.

எடையும் தொப்பையும் அப்படியே இருக்கின்றன. ரத்த அழுத்தம் மாத்திரையோடு கட்டுப்பாட்டில் இருக்கிறது. யோகா செய்கிறேனே, மாத்திரையை நிறுத்தலாமா என்று ஒருமுறை கேட்டார். டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

எதற்கு எவ்வளவு பங்கு

வலி குறைந்ததற்குப் புஜங்காசனம் மட்டுமே காரணம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தப்பான பயிற்சி நின்றது, ஸ்டூல் உயர்ந்தது, பண்டலுக்கு ஒருமுறை எழுந்தார், தொடை இறுக்கம் தளர்ந்தது, எலும்பில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதால் பயம் போனது. எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தவை. இடுப்புவலி தானாகவும் ஏறி இறங்கும். ஆனால் மேல்முதுகின் அசைவும், முதுகுத் தசையின் பலமும் கூடியதை அளந்து பார்த்தோம். அதற்கு இந்தப் பயிற்சியைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

இது ஒருவரின் கதை. குனிந்தால் குறைந்து, நிமிர்ந்து நின்றாலும் நடந்தாலும் கூடுகிற வலி உள்ள வயதானவர்களுக்கு இதே வரிசை பொருந்தாது, அவர்களுக்கு நரம்புப் பாதை குறுகியிருக்க வாய்ப்பு அதிகம். கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள், வயிற்றில் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் கவிழ்ந்து படுத்துச் செய்யும் இந்த ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். மணிக்கட்டில் வலி, மரத்தல் உள்ளவர்கள் முன்கை நிலையோடு நின்றுகொள்ளலாம்.

அடுத்தவருக்கு மாற்றுவது

இதற்குப் பிறகு வகுப்பில் சேரும் எல்லோருக்கும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் வாரத்தில் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டு வகுப்பில் தனுராசனம், சக்ராசனம், உஷ்ட்ராசனம் போன்ற ஆழமான பின்வளைவுகளைத் தனி நேரத்துக்கு மாற்றிவிட்டேன். பக்கத்தில் ஒருவர் செய்வதைப் பார்த்தால் செய்யத் தோன்றும், அது மனித இயல்பு. "செய்யாதீங்க" என்று சொல்லிவைப்பது மட்டும் போதாது.

வேலை நெருக்கடி வரும் மாதங்களை முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்கிறேன். திருப்பூரில் அது எல்லோருக்கும் தெரிந்த காலண்டர்தான். அந்த வாரங்களுக்கென்று ஐந்து நிமிடப் பயிற்சி ஒன்று தனியாக: மகராசனம், ஜமக்காளச் சுருள், ஒற்றைக்கால் நீட்டல். புஜங்காசனம் அதில் கிடையாது. இடைவெளி விட்டுத் திரும்பி வருபவர் எந்த நிலையில் விட்டாரோ அங்கிருந்து தொடங்காமல், இரண்டு நிலை கீழிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் விதியாக வைத்திருக்கிறேன். இந்த டைலர் இப்போது வாரத்தில் மூன்று நாள் வருகிறார். தனுராசனத்தை எப்போது ஆரம்பிக்கலாம் என்று போன வாரம் கேட்டார். பெஞ்சில் படுக்கும்போது வலது தொடை இன்னும் கொஞ்சம் எழும்புகிறது. அது படிந்தபிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.